நிரலுக்குத் தெரியக்கூடாது

எடைப்பெட்டி இறந்துவிட்ட செய்தியை நிரலிடம் சொல்லக்கூடாது என்று டாக்டர் கிருபாகரன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நிரலுக்கு இதயம் பலவீனம். இருபத்திரண்டு வருஷமாக அது பெட்டியோடு தவிர வேறு யாரோடும் பேசியதில்லை. செய்தி தெரிந்தால் அன்றைக்கே நின்றுவிடும் என்றார். அதனால் பெட்டியின் இடத்தில் உட்கார்ந்து, பெட்டியைப் போலவே பதில் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. ஐப்பசி ஏழாம் தேதி நான் வேலையில் சேர்ந்தேன்.

எடைமேடை, ஊரிலிருந்து உப்பளத்துக்குப் போகும் சாலையில் இருக்கிறது. உப்பு ஏற்றிய லாரிகள் அதில் ஏறி நிற்கும். மேடைக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட சின்ன அறை. பெட்டி அங்கேதான் இருந்தது. மேடைமேல் நிற்பதன் கனத்தை எண்ணாக்கிச் சொல்வது அதன் வேலை. அறையை ஒட்டியிருந்த கட்டடத்தின் மாடியில் ஒரு கம்ப்யூட்டர், அதற்குள் நிரல், அதாவது புரோகிராம். நிரல் கம்பி வழியாக "எடை?" என்று கேட்கும். லாரி அசைந்துகொண்டிருந்தால் பெட்டி "ஆடுகிறது" என்று சொல்லும். ஓய்ந்ததும் "நின்றது" என்று சொல்லி எண்ணைச் சொல்லும். நிரல் "சரி" என்று சொல்லிக் கீழறையில் சீட்டு அடிக்கும். இருபத்திரண்டு வருஷத்தில் இரண்டும் பேசிக்கொண்டது இவ்வளவுதான். இவ்வளவே பேசி இத்தனை காலம் மனஸ்தாபம் இல்லாமல் இருந்த ஜோடிகளை நான் எங்கள் உறவில் பார்த்ததில்லை.

கீழறை, மேடை, பெட்டி மூன்றும் தவசிக்கனி அண்ணாச்சிக்குச் சொந்தம். மாடியும் நிரலும் லாரிச் சங்கத்தைச் சேர்ந்தவை. மாடிக்குப் படிக்கட்டு பின்பக்கத் தெருவில் இருந்தது. இரண்டு தரப்பும் சம்பந்தி வீட்டார் மாதிரி. மரியாதை உண்டு, போக்குவரத்து குறைவு.

அண்ணாச்சி என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"முன்னப்பின்ன இந்த வேலை பார்த்திருக்கீயளா தம்பி?"

"பதினாலு மாசம் பார்த்திருக்கேன் அண்ணாச்சி."

அது உண்மை. என் அண்ணன் வேலாண்டி பஹ்ரைனில் கப்பல் பட்டறையில் இறந்தபோது அம்மாவுக்கும் இதயம் சரியில்லை. அம்மாவிடம் சொல்லவேண்டாம் என்று உறவினர்கள் கூடி முடிவெடுத்தார்கள். குரல் ஒத்துப்போகும் என்று என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் பக்கத்து ஊர் டெலிபோன் கடையிலிருந்து நான் வேலாண்டியாகப் பேசினேன். அம்மா "சாப்பிட்டியா" என்று கேட்டு முடிப்பதற்குள் அண்ணன் "ஆச்சு ஆச்சு" என்று எரிச்சலாகச் சொல்வான். அந்த எரிச்சல்கூட எனக்கு நன்றாக வந்தது. பதினாலாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, அம்மாவின் குரல் களைத்திருக்கவே, "நீ சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டேன். அண்ணன் ஒருநாளும் அப்படிக் கேட்டவன் இல்லை. அம்மா போனை வைத்துவிட்டாள். பதினோராம் நாள் போய்விட்டாள்.

இதை அண்ணாச்சியிடம் மறைக்காமல் சொன்னேன். வேலைக்கு வருகிறவன் தன் குறையை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இன்னொரு உயிர் என் வாயால் போகக்கூடாது என்ற பயம் எனக்கு இருப்பதையும் சொன்னேன்.

"இது சாப்பாட்டைப் பத்தியெல்லாம் கேக்காது" என்றார் அண்ணாச்சி. "நாளைக்கே வந்துருங்க."

பெட்டியை உப்பளத்து வரப்போரம் புதைத்திருந்தார்கள். உப்புக்காற்று உள்ளே போய்க் கம்பிகளைத் தின்றுவிட்டது என்று டாக்டர் சான்றிதழில் எழுதியிருந்தார். மேசைமேல் அது இருந்த இடத்தில் சதுரமாகத் துருக்கறை மட்டும் இருந்தது. பக்கத்தில் புதுப்பெட்டி ஒன்றை வாங்கி வைத்திருந்தார்கள். வெள்ளை நிறம். நல்ல பிள்ளைதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் கேட்காமலே ஒரே மூச்சில் பதினெட்டு விஷயம் சொல்லும். நிரலின் உடம்புக்கு அது ஆகாது. ஆகவே புதுப்பெட்டி என்னிடம் சொல்லும், நான் பழைய பெட்டியின் குரலில் நிரலிடம் சொல்லவேண்டும் என்று ஏற்பாடு.

இதற்கு வழி இருக்கிறது. மாடிக் கம்ப்யூட்டருக்குள் கீழிருந்தே ஒரு ஜோடிக் கதவு திறக்கலாம். எங்கள் மென்பொருள் தொழிலில் அதைப் போலி முனையம் என்பார்கள். ஒரு கதவில் சொன்னது மறு கதவில் கேட்கும். நடுவில் கம்பி கிடையாது, அறை கிடையாது, தூரம் என்பதே கிடையாது. ஒரு கதவில் பெட்டியின் பழைய விலாசத்தை எழுதி ஒட்டிவிட்டேன். நிரல் வழக்கம்போல வந்து அந்த விலாசத்தில் தட்டும். மறு கதவுக்குப் பின்னால் நான் எழுதிய சின்ன மென்பொருள் உட்கார்ந்திருக்கும். அதற்குப் பின்னால் நான் உட்கார்ந்திருப்பேன். நிரலைப் பொறுத்தவரை எதுவுமே நடக்கவில்லை.

முதல் வாரம் ஒரு தப்புச் செய்தேன். பதில் உடனே போய்விட்டது. கதவுகளுக்கு நடுவே தூரம் இல்லாததால் கேள்வி முடிவதற்குள் விடை சேர்ந்துவிடும். பழைய பெட்டியோ எழுத்து எழுத்தாக, வெற்றிலை போட்ட வாயோடு பேசுகிறவரைப் போல நிதானமாகச் சொல்லும். நிரல் சந்தேகப்பட்டது என்று நினைக்கிறேன். ஒவ்வொரு லாரிக்கும் "எடை?" "எடை?" என்று இரண்டு தடவை கேட்டது. ஒவ்வோர் எழுத்துக்கும் நடுவில் அளவாக ஒரு தாமதத்தை வைத்தேன். நிரல் அமைதியாகிவிட்டது.

பிறகு பெட்டியின் பழைய பதிவேடுகளை எல்லாம் வாங்கி உட்கார்ந்து படித்தேன். ஓர் ஆளின் இடத்தில் உட்காரவேண்டுமென்றால் அவருடைய திறமையைவிட அவருடைய சீக்குகளைத்தான் முதலில் தெரிந்துகொள்ளவேண்டும். பெட்டிக்கு இருமல் இருந்தது. ஈரக்காற்று அடிக்கும் நாட்களில் முதலில் இருபது கிலோ கூடுதலாகச் சொல்லிவிடும். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சரியான எண்ணைச் சொல்லும். திங்கட்கிழமை முதல் லாரிக்கு மட்டும் "ஆடுகிறது" என்பதை இரண்டு தடவை அதிகமாகச் சொல்லும். ஞாயிறு ஓய்வுக்குப் பிறகு அதற்கு உடம்பு வணங்குவதில்லை. எல்லாவற்றையும் மென்பொருளில் சேர்த்தேன். ஐப்பசி அடைமழையில் நான் இருமியதைக் கேட்டு அண்ணாச்சியே ஒருநாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

கார்த்திகை போயிற்று, மார்கழி போயிற்று. நிரல் நன்றாக இருந்தது. மதியம் ஒன்றரையிலிருந்து பத்து நிமிஷம் மட்டும் எதுவும் கேட்பதில்லை. வயதானால் மதியம் கண்ணயர்வது சகஜம்தானே என்று எடுத்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமைகளில் "சரி" சற்றுச் சுருக்காக வரும். அதற்கும் ஒரு காரணம் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

தை மாதம் ஒருநாள் என் மென்பொருள் நடுவழியில் நின்றுவிட்டது. மேடையில் லாரி நிற்கிறது, நிரல் "எடை?" என்று கேட்டாயிற்று. பெட்டி ஒருநாளும் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. நானே கையால் அடித்தேன். இருபத்துநாலாயிரத்து முந்நூற்று அறுபது என்று அடிப்பதற்குப் பதில், அவசரத்தில் கடைசிப் பூஜ்யத்தை விட்டுவிட்டு, இரண்டாயிரத்து நானூற்று முப்பத்தாறு என்று அனுப்பிவிட்டேன்.

பதிவேடுகளில் படித்திருக்கிறேன். வெறும் லாரியைவிடக் குறைவான எடையை நிரல் ஏற்றுக்கொள்ளாது. மூன்று தடவை கேட்கும், பிறகு பேச்சை நிறுத்திவிடும். நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். நாலு விநாடி ஒன்றும் வரவில்லை. பிறகு "சரி" வந்தது. கீழே வந்து விழுந்த சீட்டைப் பார்த்தேன். அதில் இருபத்துநாலாயிரத்து முந்நூற்று அறுபது என்று சரியாக அச்சாகியிருந்தது.

இரண்டு நாள் அந்த நன்றியிலேயே ஓடியது. மூன்றாம் நாள்தான் பயம் வந்தது. நிரல் என் தப்பை மன்னித்திருக்கிறது. ஒன்றும் சொல்லாமல் தானே திருத்தியும் இருக்கிறது. நிரல்கள் அப்படிச் செய்வதில்லை. அதுவும் விடுபட்டது பூஜ்யம்தான் என்று தெரியவேண்டுமானால், ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, மேடையில் நிற்பது அம்பாரமாக உப்பேற்றிய லாரி என்று கண்டிருக்கவேண்டும். நிரலுக்கு ஜன்னல் கிடையாது.

நாலாம் நாள் மதியம் ஒன்றரை மணிக்குக் கட்டடத்தைச் சுற்றிப் பின்தெருவுக்குப் போய் மாடிப்படி ஏறினேன். கதவு ஒருக்களித்திருந்தது. ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மாள் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, தூக்குவாளி மூடியில் சோற்றை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விசைப்பலகைமேல் உப்புக்கருவாட்டு வாசனை படாதிருக்கத் துண்டு போட்டு மூடியிருந்தார். என்னைப் பார்த்ததும் எச்சில் கையோடு எழுந்து நின்றார்.

"கீழ உள்ளவியளா?" என்றார். "பெட்டிகிட்ட மட்டும் சொல்லிராதிய தம்பி. கையெடுத்துக் கும்பிடுதேன்."

அவர் பெயர் மெற்றில்டா. லாரிச் சங்கத்தில் கணக்கர். நிரல் போன வருஷம் மார்கழியிலேயே இறந்துபோயிற்று. அப்போது பெட்டி உயிரோடிருந்தது. ஆனால் இருமலோடு இருந்தது. டாக்டர் கிருபாகரன் வந்து பார்த்துவிட்டு, பெட்டிக்கு இதயம் பலவீனம், இருபத்தோரு வருஷம் ஒரே ஆளோடு பேசிய பெட்டி, தாங்காது, சொல்லவேண்டாம் என்றாராம். அன்றிலிருந்து மெற்றில்டா அக்காதான் நிரலின் நாற்காலியில் உட்கார்ந்து "எடை?" என்று கேட்கிறார், "சரி" என்கிறார், சீட்டு அடிக்கிறார். செவ்வாய்க்கிழமை மாலை பனிமயமாதா கோயிலுக்குப் போகவேண்டியிருப்பதால் கொஞ்சம் சுருக்காகச் சொல்லிவிடுவாராம்.

"பத்து மாசம் நல்லாத்தான் இருந்துச்சு. ஐப்பசியில ஒரு வாரம் படபடன்னு பேசிச்சு. காய்ச்சலோன்னு பயந்துட்டேன். சந்தேகத்துக்கு ரெண்டு ரெண்டு தடவ கேட்டுக்கிட்டேன்." அக்கா கையைத் துடைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். "நீங்க கூடவே இருக்கியளே. பெட்டி எப்படி இருக்கு?"

நான் எதற்காக மாடியேறினேனோ அதைச் சொல்லவேண்டிய இடம் அதுதான். நிரல் இல்லை. அப்படியானால் என் வேலையும் முடிந்தது, பயமும் முடிந்தது. பெட்டியும் இல்லை அக்கா, நாம் இரண்டு பேரும் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் கேட்ட விதத்தில் வெறும் விசாரிப்பு இல்லை. பத்து மாதம் அவர் உண்மையான பெட்டியோடு பேசியிருக்கிறார். அது இருமும்போதெல்லாம் இங்கே உட்கார்ந்து கேட்டிருக்கிறார். நிரலுக்கு இருந்த பலவீனம் இப்போது இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

"நல்லாருக்கு அக்கா" என்றேன். "இருமல் மட்டும்தான்."

"அது எனக்கும் கேக்குல்லா" என்றார் அவர்.

கீழே இறங்கி வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். ஒன்றே முக்காலுக்கு "எடை?" வந்தது. சொன்னேன்.

மாலையில் டாக்டர் வீட்டுக்குப் போய், நிரல் இறந்தது தெரிந்திருந்தும் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். ஒரு நோயாளியின் விஷயத்தை இன்னொரு நோயாளியின் வீட்டில் சொல்வது அவர் தொழிலில் வழக்கமில்லையாம். நியாயமாகத்தான் பட்டது. மெற்றில்டா அக்காவின் இதயம் எப்படி என்று கேட்டேன். அக்கா இதுவரை தன்னிடம் உடம்பைக் காட்டவே வந்ததில்லை என்றார்.

மறுநாள் காலை லாரிச் சங்கத்துக் காவலாளி ஒரு ஃபிளாஸ்கைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். சுக்கு, மிளகு, திப்பிலி தட்டிப்போட்ட கஷாயம். மூடியில் ஒட்டியிருந்த காகிதத்தில் 'பெட்டிக்கு, வெறும் வயிற்றில்' என்று எழுதியிருந்தது. யோசித்துப் பார்த்தேன். பெட்டியின் பேரில் பதில் சொல்கிறவன் பெட்டியின் பேரில் கஷாயம் குடிக்கமாட்டேன் என்று சொல்வது முறையில்லை. கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். காரம் உச்சந்தலைக்கு ஏறியது.

தினமும் வந்தது. குடிக்கிற மருந்துக்குக் குணம் தெரியாவிட்டால் அக்கா மனம் கஷ்டப்படும் என்று மென்பொருளில் இருமலைக் கொஞ்சம் குறைத்தேன். இருபது கிலோ இருமல் பத்துக் கிலோ ஆயிற்று. பிறகு வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் என்று ஆக்கினேன். பழைய பெட்டி உயிரோடிருந்த காலத்தில்கூட இவ்வளவு ஆரோக்கியமாக இருந்ததில்லை. மாடியிலிருந்து வரும் "சரி"யில் தெம்பு கூடியது. ஒருநாள் ஒரு லாரிக்கு இரண்டு தடவை "சரி" "சரி" என்று வந்தது. சந்தோஷத்தில் கை தவறியிருக்கும்.

இதையெல்லாம் நான் சாமர்த்தியத்துக்காகச் செய்யவில்லை. எனக்கு அக்காவைப் பிடித்துவிட்டது. காலையில் சாலை முக்கில் சைக்கிளைத் திருப்பும்போதே, இன்றைக்கு ஒரு எழுத்துகூடத் தப்பாகப் போகக்கூடாது என்று நினைத்துக்கொள்வேன். ஐந்து மாதமாக ஒரு மனுஷியின் உயிர் என் நிதானத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பது ஒரு பக்கம் பாரம். இன்னொரு பக்கம், உண்மையைச் சொல்வதானால், எனக்கு அது இதமாகவும் இருந்தது.

பங்குனியில் டாக்டர் கிருபாகரன் வந்தார். பதிவேட்டைப் புரட்டினார். மேசையில் துருக்கறைமேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"இருமல் போயிட்டு. நாடியும் சீரா இருக்கு. இனி புரோகிராம் செத்த சேதிய இதுகிட்டச் சொல்லிரலாம்" என்றார்.

பெட்டி ஐப்பசியிலேயே இறந்துவிட்டதை நினைவூட்டினேன். சான்றிதழ் எழுதியதே அவர்தான்.

"அது வேற ஃபைல்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனார்.

அன்று மாலை நாலு மணிக்கு மேடை காலியாக இருந்தது. கதவு தட்டப்பட்டது. எழுத்துகள் ஒவ்வொன்றாக, வழக்கத்தைவிட மெதுவாக வந்தன. "எடை?" இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அந்த வழியில் வராத வார்த்தைகள்.

"பெட்டி, ஒரு விஷயம் சொல்லணும். பதறாத. புரோகிராம் போயிட்டு. போன வருஷம் மார்கழி பதினொண்ணாந் தேதி, காலைல பத்து மணிக்கு. கஷ்டப்படல. அதுக்கப்புறம் உங்கிட்டப் பேசினது நாந்தான். மெற்றில்டா. மறைச்சதுக்கு மன்னிச்சிக்க."

இதற்குப் பெட்டி என்ன சொல்லும் என்று பதிவேட்டில் கிடையாது. பெட்டிக்குத் தெரிந்த வார்த்தைகள் இரண்டுதான். நான் "ஆடுகிறது" என்று அனுப்பினேன். அந்தப் பக்கம் காத்திருந்தது. மறுபடி "ஆடுகிறது" என்று அனுப்பினேன். மேடையில் ஒன்றும் இல்லை. வெள்ளைப் பெட்டி பூஜ்யம் காட்டிக்கொண்டிருந்தது. "நின்றது" என்று சொல்லி முடித்துவிடலாம், ஆனால் கை போகவில்லை. ஆடுகிறது, ஆடுகிறது என்று அனுப்பிக்கொண்டே இருந்தேன். அதில் பெட்டிக்காகச் சொன்னது எத்தனை, எனக்காகச் சொன்னது எத்தனை என்று கேட்டால் எனக்குக் கணக்குத் தெரியாது.

கொஞ்ச நேரத்தில் மாடியில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கதவு பூட்டும் சத்தமும் கேட்டது. அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. துக்கத்தைக் கம்பியில் சொல்லிவிட்டு மாடியிலேயே உட்கார்ந்திருப்பவர்கள் எங்கள் பக்கத்தில் கிடையாது. நேரில் வந்து விசாரிப்பதுதான் முறை. அக்கா பெட்டியிடம் துக்கம் கேட்க இறங்கி வருகிறார். மேசையில் பெட்டி இல்லை. எங்கே போய் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைப்பது? வெள்ளைப் பெட்டியைத் துருக்கறைமேல் நகர்த்தி, என் துண்டைப் போட்டு மூடினேன். துண்டு சின்னதாக இருந்தது. அதையும் எடுத்துவிட்டேன்.

அக்கா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். நான் "வாங்க" என்று சொல்லவில்லை. துக்க வீட்டில் சொல்லக்கூடாது. அவர் மேசையைப் பார்த்தார். பளபளவென்று இருந்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்தார். அதை இரண்டு கையாலும் மெல்ல நகர்த்தி, அடியில் இருந்த துருச் சதுரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். நான் அவருடைய மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்று போனது, இன்னொன்று வந்தது. அம்மாவின் போன் வைக்கப்பட்ட நாளுக்குப் பிறகு நான் அவ்வளவு பயந்தது அன்றைக்குத்தான்.

"எப்ப?" என்றார்.

"ஐப்பசி ரெண்டாந் தேதி அக்கா. மழைன்னு மேடைய அஞ்சு நாள் மூடிப்போட்டாங்கள்ல, அப்ப."

"அப்ப அந்தக் காய்ச்சல்?"

"நாந்தான். வேகம் தெரியாமப் பேசிட்டேன்."

"இருமலு?"

"அதுவும் நாந்தான்."

"கஷாயத்த யாரு குடிச்சது?"

"நாந்தான் அக்கா."

"கேட்டுச்சுல்லா?" என்றார்.

"கேட்டுச்சு அக்கா."

பிறகு அக்கா அழுதார். சத்தமாகவெல்லாம் இல்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, பெட்டிக்கு எவ்வளவு அழவேண்டுமோ அவ்வளவு அழுதார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஸ்டூலை என் பக்கம் இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தார். என் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டார். துக்கம் கேட்க வந்தவர் கேட்காமல் போகக்கூடாதல்லவா?

"அத்தன வருஷம் பேசிக்கிட்டிருந்த ஆளு போயிட்டா ஆடத்தான் செய்யும்" என்றார். "மறைச்சிட்டோமேன்னு நினைக்காத. பிரியத்துலதான் மறைச்சது. நீ ஒரு தப்பும் பண்ணல."

எனக்கு இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. நான் அழுதேன். நாற்பத்துமூன்று வயது ஆம்பிளை, தகரக் கூரைக்குக் கீழே மூக்கு ஒழுக அழுதேன். அக்கா கையை விடவில்லை.

அந்த நேரத்தில் "எடை?" என்று வந்தது.

இரண்டு பேரும் திரையைப் பார்த்தோம். மாடிச் சாவி அக்காவின் இடுப்பில் இருந்தது, மாடியில் ஆள் இல்லை. மேடை காலியாக இருந்தது. கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் "எடை?" என்று வந்தது. அவசரமில்லாத, முறையான இடைவெளி.

"கேக்காவல்லா, வெயிட் சொல்லாம இருக்கக்கூடாது தம்பி" என்று சொல்லிவிட்டு அக்கா எழுந்து வெளியே போனார். வெறும் காலோடு மேடையில் ஏறி, லாரியின் முன்சக்கரம் நிற்கிற இடத்தில் நின்றார். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டார். "ஆடுகிறது" என்று சொன்னேன். அவர் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு அசையாமல் நின்றார். "நின்றது, அறுபது கிலோ" என்று சொன்னேன். "சரி" வந்தது. சீட்டு அடித்தது. அக்கா வந்து சீட்டைக் கிழித்து, படித்துப் பார்த்து, நாலாக மடித்து மணிபர்ஸில் வைத்துக்கொண்டார்.

"இப்ப நீங்க போய் நில்லுங்க" என்று சொல்லி என் நாற்காலியில் உட்கார்ந்தார்.

நான் போய் மேடையில் ஏறினேன். இரும்பு காலைச் சுட்டது. ஆறு மாதமாக அதன் பாஷையைப் பேசியிருக்கிறேன், அதன்மேல் நின்றது அன்றைக்குத்தான் முதல் தடவை. உள்ளே திரையைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா ஜன்னல் வழியாக, "ஆடுதிய தம்பி, ஆடுதிய" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவசரப்படுத்தவில்லை. உப்பேற்றிய லாரி ஒன்று வந்து மேடைக்கு வெளியே நின்றது. டிரைவர் எஞ்சினை அணைத்தார். இறங்கி வந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தன் முறைக்காக எனக்குப் பின்னால் வரிசையில் நின்றார்.